ரிவர்ஸில் போன மாப்பிள்ளை

குதிரை பின்னால் நடந்துகொண்டிருந்தது. அதன் மேல் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவருடைய முகம் கல்யாண மண்டபத்தைப் பார்த்திருந்தது. ஆனால் ஆள் மண்டபத்தை விட்டுத் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தார்.

முன்னால் போன பேண்டு வாத்தியக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரம்பெட் ஊதியவர் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி... அண்ணாச்சி, வண்டி பின்னால போவுது" என்றார் மாப்பிள்ளை. பதற்றத்தில் குதிரையை வண்டி என்று சொல்லிவிட்டார். கம்பெனியில் வண்டிப் பாகங்களைப் பூட்டும் லைனில் வேலை பார்க்கிறவர், அவர் மேல் தப்பில்லை.

கயிறு என் கையில் இருந்தது. பக்கத்தில் என் மகள் யாழினி, மகன் கவின். நாலடி தள்ளி என் மச்சான் ஏகாம்பரம். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பசங்களே, போன வாரம் இதே பக்கத்தில், வீட்டை மாற்றிக் கட்டுவதற்காக எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்த அன்றைக்கே மழை கொட்டியதையும், நாலு பேரும் குடைக்குள் உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டதையும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு பாப்பா கடிதம் போட்டிருந்தாள். "மாமா, நீங்க நாலு பேரும் குடைக்குள்ள. குதிரை எங்க நின்னுச்சு?"

குதிரை என்று ஒரு வரி எழுதிவிட்டு அதை அப்படியே மழையில் நிறுத்தியது என் தப்புதான். இந்த வாரம் முழுக்கக் குதிரைக்கு.

வாய் சும்மா இருந்திருக்கலாம்

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். முன்னால் இரண்டு இரும்பு நாக்கை நீட்டி, பெரிய பெரிய பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டி. படிப்பு பத்தாவது வரைதான். இதில் ஏதாவது நன்றாக வந்திருந்தால் யாழினி ஒருமுறை படித்துப் பார்த்துத் திருத்தியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏகாம்பரம் என் மனைவி செல்வியின் அண்ணன். பென்னலூரில் இருக்கிறார். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை, சாரட்டு வண்டி வாடகைக்கு விடுவது அவர் தொழில். அவரிடம் ஏற்கெனவே இரண்டு குதிரைகள். மூன்றாவதாக வந்ததுதான் அல்லி.

அல்லி வெள்ளைக் குதிரை. இடது காதுக்குப் பின்னால் மட்டும் டீ கொட்டியதுபோல ஒரு கறை. கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடந்த குதிரை. அலைச் சத்தத்துக்குப் பழகியது, மேளச் சத்தம் கேட்டால் உதறிக்கொண்டு ஓடும். ஊர்வலக் குதிரைக்கு இதைவிடப் பெரிய குறை வேறு என்ன வேண்டும்?

மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிப் புலம்பினார். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கலாம்.

"மூணு டன் பெட்டிய தூக்கினு வந்து, முட்டை மேல வச்சா முட்டை ஒடையாது மச்சான். அப்டி வைக்கறவன் நானு. நாலு காலு ஜீவன் எனக்கு ஒரு விஷயமா?"

"அப்டியா மாப்ள?" என்றார். மறுநாள் காலையில் கயிற்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார்.

"இந்தா, புடி. ஆவணில ஒரு மாப்ள அழைப்பு கீது. அதுல இது ஒயுங்கா நடந்துச்சின்னா உங்க கொல்லையிலயே கெடக்கட்டும், கல்யாணத்துக்கு மட்டும் நான் வந்து இட்டுகினு போறேன். சொதப்புச்சின்னா வெளியூர் யாவாரி கைல புட்ச்சி குட்த்துடுவேன். மூணுத்த வச்சிகினு என்னால மாரடிக்க முடியாது."

யாழினி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே தன் பள்ளிக்கூட ரிப்பனை அவிழ்த்து அல்லியின் கழுத்தில் கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் 'யாவாரி' என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் குதிரை பிடிக்கவில்லை.

"எனக்கு கிச்சன்ல இன்னும் மேடை வர்ல. குதிரைக்கு கொட்டா வந்துட்ச்சா?" என்றாள் செல்வி. "இது வூடா, லாயமா? இன்னைக்கே சொல்ட்டேன், நான் அது கிட்டகூட போவ மாட்டேன்."

வந்த முதல் நாளே அல்லி அவளுடைய மல்லிகைச் செடியை மொட்டோடு தின்றது. அதிலிருந்து செல்வி அல்லியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'அது'தான்.

நன்றிச் சுவர்

குதிரையை இங்கேயே கட்டிவிட்டு ஒரு பக்கக் கதைக்குப் போய்வருகிறேன். இது தெரியாவிட்டால் மாப்பிள்ளை எப்படிக் கீழே இறங்கினார் என்று உங்களுக்குப் புரியாது.

எங்கள் கம்பெனியில் காலை ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரும் வட்டமாக நிற்போம். அன்றைக்கு ஒருவர் இன்னொருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். சும்மா 'எல்லாருக்கும் நன்றி' என்றால் சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ள மாட்டார். எதற்கு என்று சொல்ல வேண்டும். 'நேத்து என் ஹெல்மெட்ட எட்து வச்சதுக்கு நன்றி.' இப்படி.

முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் கேண்டீனில் தட்டு கழுவும் அக்கா எனக்கு நன்றி சொன்னார். தட்டில் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கி வைக்கிறேனாம், அவர் கையில் குத்துவதில்லையாம். நான் அதை யோசித்துச் செய்ததே இல்லை. ஆனால் அன்று முழுக்க ஃபோர்க்லிஃப்ட்டைச் சாரட்டு வண்டி மாதிரி ஓட்டினேன்.

அப்போதுதான் எங்கள் வீட்டு ஹாலில் சிமெண்டுப் பூச்சு முடிந்திருந்தது. பட்டி பார்க்கவும் பெயிண்ட் அடிக்கவும் இன்னும் பல மாதம் ஆகும். சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய சுவர் சும்மா நின்றது. ஒரு சாக்பீஸ் டப்பா வாங்கி வைத்தேன். தினமும் ஆளுக்கு ஒரு நன்றி. எதற்கு என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் செல்லாது.

நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினேன். எங்கள் வீட்டு ஆட்கள் அதை என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

யாழினி: 'அப்பாவுக்கு நன்றி. என் ஜாமெட்ரி பாக்ஸ் மேல் உட்கார்ந்ததற்கு. கணக்குப் பரீட்சையில் படம் வரையாததற்குக் காரணம் கிடைத்தது.'

கவின்: 'அக்காவுக்கு நன்றி. நான் உடைத்ததைத் தான் உடைத்ததாக இன்னும் சொல்லாததற்கு. இனிமேலாவது சொல்லவும்.'

செல்வி: 'மேஸ்திரிக்கு நன்றி. நாலு நாளாக வராததற்கு. டீ போடும் வேலை மிச்சம்.'

மச்சான் வந்தபோது சுவரைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க வூட்ல கொயம்புல உப்பு போட்டாகூட உப்புக்கு ஒரு நன்றி, கரண்டிக்கு ஒரு நன்றியா மாப்ள?" கவின் சாக்பீஸை நீட்டினான். மச்சான் வாங்கவில்லை. "எனக்கு யாரும் ஒண்ணும் செய்யல, நானும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு, செல்வி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

ஒருநாள் கவின்தான் கேட்டான். "அல்லிக்கு யாருப்பா நன்றி சொல்றது? அதுக்கு படிக்கத் தெரியாதே."

நியாயமான கேள்வி. அன்றிலிருந்து அல்லி எதையாவது சரியாகச் செய்தால் ஒரு துண்டு வெல்லம் கொடுப்போம். எல்லோரும் சேர்ந்து சத்தமாக 'நன்றி அல்லி!' என்போம். அதுவும் நன்றாகப் பழகிக்கொண்டது. எவ்வளவு நன்றாக என்றால், வெல்லமும் நன்றியும் வராமல் அடுத்த அடி எடுத்து வைக்காது. தள்ளினாலும் நகராது.

இதில் எனக்கு ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. நான் எடுப்பதைவிட வேகமாக வெல்ல டப்பா காலியானது. கவின் மேல் சந்தேகப்பட்டேன். அவன் பல்லைக்கூடப் பார்த்தேன்.

வாத்தியார் டிரில் மெஷின்

மேளத்துக்குப் பழக்குவது எப்படி என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வீடே பாடம் நடத்தத் தொடங்கிவிட்டது.

மேஸ்திரி பலராமன் பழைய சுவரைக் கொத்த ஆரம்பித்த அன்று அல்லி கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, கலவை குழைத்த இடத்தில் நாலு காலோடு நின்றது. காலைக் கழுவி, வெல்லம் கொடுத்து, நன்றி சொன்னோம்.

"சார், கலவய நாசம் பண்ணதுக்கு நன்றியா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இல்ல மேஸ்திரி, ரோட்டுக்கு ஓடாம இங்கயே நின்னதுக்கு" என்றாள் யாழினி.

அப்புறம் டைல்ஸ் அறுக்கும் மெஷின் வந்தது. அதன் பிறகு எலக்ட்ரீஷியனின் டிரில் மெஷின். கிச்சன் மேடைக்குக் கல் உடைத்தார்கள், ஜன்னல் கம்பியை ராவினார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு வெல்லம். இடைவேளையில் கவின் பட்டி வாளியைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு குச்சியால் அடிப்பான்.

ஆடி முடிவதற்குள் டிரில் மெஷின் ஓடினால் அல்லி நின்றபடியே கண்ணை மூடித் தூங்க ஆரம்பித்தது.

"இந்த மெஷின் சத்தத்துல என் பொண்டாட்டிகூட போன வச்சிடுவா சார். இது கொறட்ட வுடுது" என்றார் மேஸ்திரி.

அன்று சுவரில் யாழினி அல்லிக்காக எழுதினாள்: 'டிரில் மெஷினுக்கு நன்றி. எனக்குப் பயம் போனதற்கு. இப்படிக்கு அல்லி.'

பீப்... பீப்... பீப்

இனிமேல்தான் என் தப்பு.

எங்கள் வீடு மண்ணூரில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்கும் பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவருக்கும் நடுவே ஒரு சந்து. கொல்லைக்குப் போக அதுதான் வழி. வேலை நடந்ததால் அதில் பாதியைச் சாரக் கட்டைகள் அடைத்துக்கொண்டன. அல்லி உள்ளே நேராகப் போகும். கொல்லையில் ஜல்லியும் கம்பியும் குவிந்து கிடந்ததால் திரும்ப இடமில்லை. பின்னாலேயே நடந்துதான் வெளியே வர வேண்டும்.

குதிரைக்கு முதுகுக்குப் பின்னால் கண் தெரியாது. பின்னால் போ என்றால் போகாது. நெஞ்சில் கை வைத்துத் தள்ளிப் பார்த்தேன். அது என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டது.

ஒருநாள் எம்-சாண்ட் மணல் கொட்ட டிப்பர் லாரி வந்தது. எங்கள் தெருவுக்குள் பெரிய வண்டி வருவதே அபூர்வம். சந்து வாயில் அல்லி நின்றிருந்தது. டிப்பர் பின்பக்கமாக 'பீப்... பீப்... பீப்' என்று அதை நோக்கி வர, அல்லி கோடு போட்டதுபோல நேராக, அழகாகப் பின்னால் நடந்தது.

"அப்பா! ரிவர்ஸ் எடுக்குது!" என்று கத்தினாள் யாழினி.

எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. மறுநாளே லாரி சாமான் விற்கும் கடையில் ஒரு ரிவர்ஸ் பஸ்ஸர் வாங்கினேன். பழைய பைக் பேட்டரி வீட்டில் இருந்தது. வாசலுக்கு வாங்கி வைத்த காலிங் பெல் சுவிட்சை அதோடு கோத்து, சந்தைப் பார்த்த கிச்சன் ஜன்னலில் மாட்டினேன். சுவிட்சை அமுக்கினால் பீப். பீப் கேட்டால் அல்லி பின்னால் நடக்கும். நிறுத்தினால் நிற்கும். வெல்லம், நன்றி.

பத்து நாளில் எங்கள் ஃபோர்க்லிஃப்ட்டைவிட நேராக ரிவர்ஸ் எடுத்தது.

மச்சானிடம் இதைச் சொல்லவில்லை. கல்யாணமெல்லாம் முடிந்த பிறகு, 'இதையும் பாருங்க' என்று காட்டி அசத்தலாம் என்று இருந்தேன்.

நீங்கள் கேட்பீர்கள். ஏன் மாமா, உங்கள் ஊரைச் சுற்றி கம்பெனி பஸ்ஸும் கண்டெய்னர் லாரியும்தானே, எல்லாமே பீப் பீப் என்றுதானே ரிவர்ஸ் எடுக்கும், இது தோன்றவில்லையா?

தோன்றவில்லை பசங்களே. ஷிஃப்ட் முழுக்க அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருக்கிறவன் காதுக்கு அது சத்தமாகவே தெரியாது. இந்தத் தப்பைப் பண்ண ஒரு ஃபோர்க்லிஃப்ட்காரனால்தான் முடியும்.

நீங்க முதல்ல, நீங்க முதல்ல

மாப்பிள்ளை பெயர் முத்துக்குமார். தூத்துக்குடிப் பக்கம். சிங்கப்பெருமாள் கோவில் என்கிற ஊரில் ரூம் எடுத்துத் தங்கி, ஷேர் ஆட்டோவில் கம்பெனிக்குப் போய் வந்த பிள்ளை. பென்னலூர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறார். வெயில் சாயும் நேரத்தில் மாப்பிள்ளை அழைப்பு.

பேண்டு அடித்தார்கள். அல்லி அசையவில்லை. சரவெடி வெடித்தார்கள். அல்லி கொட்டாவி விட்டது. மச்சான் என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார். அவர் அகராதியில் அது பெரிய பாராட்டு. யாழினி என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள்.

மண்டபத்துக்கு முந்தின வளைவில், எதிரே ஒரு கம்பெனி பஸ். ஷிஃப்ட் விட்டு வருகிறது. ரோடு குறுகல்.

அந்த டிரைவர் தங்கமான மனுஷன். மாப்பிள்ளை வருகிறாரே, நாம் ஒதுங்கி வழி விடுவோம் என்று நினைத்தார். ரிவர்ஸ் எடுத்தார்.

பீப்... பீப்... பீப்.

அல்லியும் எடுத்தது.

பஸ் நின்றது, அல்லி நின்றது. நடுவில் இப்போது ஒரு மைதானம் போல ரோடு காலியாகக் கிடந்தது. டிரைவர், கல்யாண வீட்டார் தனக்கு வழி விடுகிறார்கள் என்று நினைத்து முன்னால் வந்தார். கிட்டே வந்ததும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி ரிவர்ஸ் எடுத்தார். அல்லியும் மறுபடி எடுத்தது. அதற்குள் மாப்பிள்ளை கிளம்பின தெருவே தெரிய ஆரம்பித்துவிட்டது.

பஸ் ஜன்னல் எல்லாவற்றிலும் தலைகள்.

"டேய், நம்ம லைன் முத்துடா!"

"மாப்ள பின்வாங்கறாருடா! இப்பவே தெளிஞ்சிட்டாரு!"

"முத்து, பொண்ணு வூடு அந்தாண்ட கீது!"

"நா எறங்கிக்கிடுதேன் அண்ணாச்சி, நடந்தே போயிருதேன்" என்றார் முத்துக்குமார். குரல் அழுகைக்குக் கிட்டே இருந்தது.

நான் ஓடிப்போய் டிரைவரிடம் இஞ்சினையே அணைக்கச் சொன்னேன். அணைத்தார். ஊர்வலம் பஸ்ஸை ஒட்டிக்கொண்டு போக இடம் இருந்தது. கயிற்றை இழுத்தேன். அல்லி நகரவில்லை.

அதற்கு வரவேண்டியது வரவில்லை. அழகாக இரண்டுமுறை ரிவர்ஸ் எடுத்திருக்கிறது. வெல்லம் எங்கே, நன்றி எங்கே?

பையில் கைவிட்டேன். வெல்லம் இல்லை. சரவெடி நேரத்தில், பதற்றத்தில், அத்தனையையும் நானே தின்று தீர்த்திருந்தேன்.

கல்கண்டு

"இன்னாத்துக்கு மாப்ள இது நிக்குது?" மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் கவின் கத்தினான். "கல்கண்டு! அந்தத் தட்டுல கல்கண்டு கீது!"

சீர்த்தட்டு தூக்கிவந்த மாப்பிள்ளையின் அத்தை தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "இது சம்பந்தி வீட்டுக்குல்லா கொண்டு போறோம். குதிரைக்கா?"

"அத்தே, குடுங்க. எனக்கு கல்யாணம் நடக்கணுமா வேண்டாமா?" என்றார் மாப்பிள்ளை.

ஒரு பிடி கல்கண்டை வாங்கி, முன்னால் குனிந்து அல்லியின் வாய்க்குக் கொடுத்தார். அல்லி நறுக் நறுக்கென்று கடித்தது. ஆனாலும் நகரவில்லை.

"நன்றி சொல்லணும்ண்ணா" என்றாள் யாழினி.

"யாருக்கு?"

"அல்லிக்கு. எதுக்குன்னு சேத்து சொல்லணும். உங்கள கீழ போடாம வச்சிருந்துதுல்ல, அதுக்கு."

முத்துக்குமார் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு வெடி, இவ்வளவு கூச்சல், முன்னும் பின்னுமாக ஒரு பஸ். இதற்கு நடுவே அவர் தலைப்பாகைகூடக் கோணவில்லை. அல்லியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"என்னைய கீழ போடாததுக்கு ரொம்ப நன்றி, தாயி."

அல்லி நடந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். மண்டப வாசலில் பூனை தன் குட்டியை இறக்குவதுபோல மாப்பிள்ளையை இறக்கிவிட்டது.

எனக்கு நிம்மதி வந்தது. ஆனால் மச்சானுக்கு வரவில்லை. ஆட்களெல்லாம் உள்ளே போனதும் சேணத்தை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"நாளன்னிக்கு காலைல வண்டி வரும். யாவாரிகிட்ட சொல்ட்டேன்."

"மச்சான், தப்பு என்னுது. ரிவர்ஸ் சத்தத்துக்கு பழக்கினதே நான்தான். அது நான் சொல்லிக் குட்த்தத சரியாத்தான் செஞ்சிது." அதை அங்கேயே, பேண்டுக்காரர்கள் கேட்கவே சொன்னேன்.

"தப்பு யார்தா வேணா இருக்கட்டும் மாப்ள. சிரிப்பா சிரிச்சது என் குதிரைய பாத்துதான? நாளைக்கு எவன் என்ன கூப்டுவான்?"

அன்று யாழினி சுவரில் எழுதவில்லை. எங்கள் வீட்டில் ஒரு நன்றி குறைந்த முதல் நாள் அது.

ஒயர் கையில், சத்தம் காதில்

சொன்னபடி காலையில் மினி லாரி வந்தது. வியாபாரியே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மச்சானும் கூட வந்தார். யாழினி வீங்கின முகத்தோடு அல்லியின் கயிற்றைப் பிடித்து வாசலில் நின்றாள். பக்கத்தில் கவின். செல்வி கிச்சனில். "நான் எதுக்கு வந்து பாக்கணும்? போனா வூடு சுத்தமாவும்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

குதிரையை ஏற்ற வேண்டுமென்றால் லாரியின் பின்பக்கம் குதிரையிடம் வர வேண்டும். லாரி ரிவர்ஸ் எடுத்தது.

பீப்... பீப்... பீப்.

அல்லி சந்துக்குள் பின்னாலேயே போய்க் கொல்லையில் நின்றது. லாரி நின்றது. யாழினியை அறியாமல் அவள் வாயில் "நன்றி அல்லி" என்று வந்துவிட்டது. நான் இருமினேன்.

மறுபடி முன்னால் கூட்டிவந்தோம். மறுபடி பீப். மறுபடி கொல்லை. வியாபாரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. இறங்கிப்போய், லாரியின் பின்னால் கையை விட்டு, பஸ்ஸர் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

இப்போது லாரி ஊமையாக வந்து நின்றது. பலகையைச் சாய்த்தார்கள். மச்சான் கயிற்றை வாங்கி மெதுவாக இழுத்தார். அல்லி முன்னங்காலில் ஒன்றைப் பலகையில் வைத்தது. யாழினி கண்ணை மூடிக்கொண்டாள்.

பீப்... பீப்... பீப்.

அல்லி காலை எடுத்துவிட்டது. நேராக, அழகாக, கொல்லைக்கு.

வியாபாரி கையிலிருந்த ஒயரைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். "ஒயர் என் கைல கீது. சத்தம் எங்கேர்ந்துயா வர்து?"

நான் யாழினியைப் பார்த்தேன், இருந்தாள். கவினைப் பார்த்தேன், இரண்டு கையும் கால்சட்டைப் பையில். நானும் இங்கேதான் நிற்கிறேன். எங்கள் வீட்டில் ஆட்கள் நாலே பேர்.

இன்னும் ஒருமுறை முயன்றார்கள். இன்னும் ஒருமுறை பீப்.

"எனக்கு வேணாம்பா" என்றார் வியாபாரி. "இத்த ஏத்தறதுக்கே பாதி நாளு ஆவுது, எறக்கறதுக்கு இன்னா ஆவும்?" பலகையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்தார். சந்துக்குள் எட்டிப்பார்த்து, கிச்சன் ஜன்னலை ரொம்ப நேரம் பார்த்தார்.

"செல்வி... டீ கீதா?"

"கீது" என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அல்லிய உள்ள கட்டிட்டு வா."

பெயரைச் சொன்னாள். கவனித்தீர்களா?

டீ குடிக்கும்போது மச்சான் சொன்னார், "அந்த பீப் சத்தத்த அது மறக்கற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். மறந்தப்புறம் கல்யாணத்துக்கு இட்டுகினு போறேன்." கவின் சாக்பீஸை நீட்டினான். இந்தத் தடவை வாங்கினார். ரொம்ப யோசித்து, கோணல் எழுத்தில், 'டீக்கு நன்றி. சூடாக இருந்ததற்கு' என்று எழுதினார்.

சாயங்காலம் என் முறை. 'செல்விக்கு நன்றி' என்று எழுதிவிட்டு சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"எதுக்குன்னு எழுதலியேப்பா. செல்லாது" என்றான் கவின்.

"அதெல்லாம் செல்லும். வந்து சாப்புடுங்க" என்றாள் செல்வி. அவள் புடவை முந்தானை முடிச்சில் வெல்லத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கவின் பல்லைப் பார்த்த நாட்களை நினைத்துக்கொண்டேன்.

இப்போது சுவருக்குப் பட்டி பார்த்து, இளம் மஞ்சளில் பெயிண்ட் அடித்துவிட்டோம். நன்றியெல்லாம் ஒரு நோட்டுக்குப் போய்விட்டது. வாசலுக்குப் புதுக் காலிங் பெல், புது சுவிட்ச். அல்லிக்குக் கொல்லையில் ஷீட் போட்ட கொட்டாய். மழைக்கு நனைவதில்லை, பாப்பா.

மச்சான் மாதம் ஒருமுறை வந்து கேட்கிறார், மறந்துடுச்சா என்று. இன்னும் இல்லை மச்சான் என்கிறேன். அது உண்மைதான். அல்லி மறக்கலாம் என்று பார்க்கிற போதெல்லாம், வீடு அமைதியாக இருக்கும் மத்தியான நேரத்தில், கிச்சன் ஜன்னலில் பீப் பீப் என்று கேட்கிறது. என்ன செல்வி என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, பெல் வேல செய்யுதான்னு பாத்தேன்" என்கிறாள்.

கொல்லையில் அல்லி நாலடி பின்னால் வந்து நின்று, வாயைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறது.